கை காட்டினால் நிற்கும் வேன்

ஆலங்குடா மணல் வெளியில் எங்கள் கார் கிளப் நடத்திய போட்டிக்கு, நாங்கள் அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடும் வேன்காரர் ஒருவர் தன் பயணிகள் வேனோடு வந்திருந்தார். வெள்ளைத் தொப்பி, தோளில் துவாய். நட்டுவைத்த கூம்புகளில் ஒன்றைக்கூடத் தட்டாமல், என்னைவிட வேகமாகத்தான் வளைத்து ஓட்டினார். பார்த்து நின்ற சனம் உற்சாகத்தில் கையசைத்தது. உடனே பிரேக் போட்டுக் கதவைத் திறந்தார். "உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க!" சனமும் ஏறத் தொடங்கியது.

"காக்கா, இது ரேஸ்! நிப்பாட்டாமப் போங்க!" என்று ஓடிப்போய்க் கத்தினேன்.

"கை காட்டுற ஆக்கள விட்டுட்டுப் போனா, நாளைக்கு ஆரு தம்பி என்ட வேன்ல ஏறுவாங்க?"

வேன் எல்லைக்கோட்டைத் தாண்டி, நிற்காமல் கற்பிட்டி வீதியில் ஏறிவிட்டது.

கோப்பை எனக்குத்தான் கிடைத்தது. கைதட்டத்தான் ஆளில்லை, பார்க்க வந்த அத்தனை பேரும் அவருடைய வேனில் போயிருந்தார்கள்.