தாழ்ப்பாளைப் பற்றி யாரும் கேட்கவில்லை

ஆலங்காயத்தைத் தாண்டி ஜவ்வாது மலைக்குப் போகிற சாலையில், ஏற்றம் தொடங்குகிற இடத்தில் எங்கள் வீடு இருந்தது. முன்பக்கம் புளி மண்டி, பின்பக்கம் குடித்தனம். மலைக்காரர்கள் கொண்டுவரும் புளியையும் சாமையையும் வாங்கி வாணியம்பாடிக்கு அனுப்புவதுதான் என் கணவரின் தொழில். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த வீட்டை விற்க வேண்டி வந்தது.

விருப்பப்பட்டு விற்கவில்லை. எங்கள் மகளுக்கு மூட்டுக் காய்ச்சலில் ஆரம்பித்து இதயத்தின் வால்வு கெட்டுப்போயிருந்தது. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாலே மூச்சு வாங்கும். வேலூரில் பார்த்த டாக்டர், "மலையடிவாரத்துல பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு இருக்கிற வியாதி இல்லம்மா இது. ஆஸ்பத்திரி பக்கமா வந்துடுங்க" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டைப் பார்க்க யாராவது வருகிறார்களா என்று சாலையைப் பார்ப்பதே எங்கள் வேலையாகிவிட்டது.

வீட்டில் பெரிதாகக் குறை இல்லை. கிணற்றில் கோடையிலும் தண்ணீர் இருக்கும். மண்டியின் கூரை கெட்டி. குளியலறை மட்டும்தான் சொல்லும்படி இல்லை. அக்கம்பக்கத்தில் எல்லா வீட்டிலும் பெண்கள் கீற்று மறைப்புக்குள்தான் குளிப்பார்கள். கல்யாணமான புதிதில் என் கணவர் எனக்காக ஆசையாகக் கட்டிய அறை அது. அவசரத்தில் கட்டியதால் தரை வாட்டம் தப்பிவிட்டது. ஊற்றுகிற தண்ணீர், வெளியேறும் ஓட்டை இருக்கும் பக்கம் போகாமல் எதிர்மூலையில் தேங்கும். சிவப்புச் சிமெண்ட் தரையில் நீளமாக ஒரு விரிசல். சுவரின் அடிப்பக்கம் ஓதம் ஏறிப் பொரிந்து உதிரும். கதவின் கீல் தளர்ந்து கதவு சற்றே தொங்கும். மழைக்காலத்தில் பலகை ஊறிப்போனால் தாழ்ப்பாள் இறுகிக்கொள்ளும். கைப்பிடியைப் பிடித்துக் கதவை மேலே தூக்கிக்கொண்டே தாழ்ப்பாளை இழுக்க வேண்டும். எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது. யோசித்துச் செய்வதில்லை.

முதலில் ஒடுகத்தூரிலிருந்து ஒரு அரிசிக் கடைக்காரர் வந்து பார்த்தார். குளியலறையை எட்டிப் பார்த்தபோது, தண்ணீர் தேங்குவதையும் விரிசலையும் நானே சொல்லிவிட்டேன். "சரி, யோசிச்சிட்டு சொல்றேன்" என்று போனவர் திரும்பவில்லை. அந்தக் காரணத்தால்தான் வரவில்லையா, வேறு வீடு அமைந்துவிட்டதா, யாருக்குத் தெரியும்? என் கணவர் மட்டும் முடிவு கட்டிவிட்டார்.

"குளிக்கிற ரூம்ல தண்ணி நின்னா ஊருக்கெல்லாம் சொல்லணுமா? நீ வாயத் தொறந்ததாலதான் போய்ட்டான்" என்றார். அவர் கட்டிய அறையை நான் வெளியாள் முன்னால் குறை சொன்னதும் அவருக்கு உறுத்தியிருந்தது என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு ஐப்பசியில் வாணியம்பாடித் தோல் வியாபாரி ஒருவர் சொல்லி அனுப்பினார். தோல் பதனிட மலையிலிருந்து கடுக்காயும் ஆவாரம்பட்டையும் வாங்கிச் சேர்க்க அவருக்கு இடம் வேண்டும். மகனையும் மருமகளையும் இங்கே குடிவைக்க நினைத்தார். மண்டியோடு சேர்ந்த வீடு என்பதால் அவருக்குப் பொருத்தமாக இருந்தது. இவர் போனால் வேறு ஆள் கிடைப்பது கடினம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். மகளின் உதடு நீலம் பாரிக்க ஆரம்பித்திருந்தது.

அவர்கள் வருவதற்கு முதல்நாள் என் கணவர் குளியலறைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். விரிசலின் மேல் பித்தளை அண்டாவை நகர்த்தி வைத்தார். நான் கதவைக் காட்டினேன்.

"ஆசாரிய வரச்சொல்லி இத இழைச்சுடலாங்க."

"அவன் மலைமேல திருவிழாவுக்குப் போய்ட்டானே. மழ விட்டாதான் எறங்குவான்."

"அப்ப சொல்லிடலாம். சின்ன விஷயந்தானே?"

"சின்ன விஷயம்னா எதுக்குச் சொல்லணும்? அவரு குளிச்சிப் பாத்தா வாங்கப் போறாரு?" அண்டாவைக் கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார். "புள்ள மூச்சு விட முடியாம படுத்துக் கெடக்குது. நாளைக்கு மட்டும் ஒண்ணும் பேசாத."

நான் தரையில் சிந்தியிருந்த சுண்ணாம்பைத் துடைக்க ஆரம்பித்தேன்.

மறுநாள் காலையிலிருந்தே தூறிக்கொண்டிருந்தது. அம்பாசிடர் காரில் வியாபாரியும் அவர் மனைவியும் மருமகளும் வந்தார்கள். மகன் தோல் லோடு விஷயமாக வெளியூர் போயிருந்தானாம். மருமகளுக்கு இருபது வயதிருக்கும். புர்காவைக் கழற்றியபோதுதான் தெரிந்தது, ஆறு மாதக் கர்ப்பிணி. மெலிந்த முகம். கார் ஓட்டிவந்தவர் மட்டும் உள்ளே வராமல், "ஓடையில தண்ணி ஏறுது பாய். ரொம்ப நேரம் நிக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீட்டுக்கும் ஊருக்கும் நடுவில் தரைப்பாலத்தில் ஓர் ஓடை. மலையில் கொட்டினால் இங்கே கார் கடக்க முடியாது.

வியாபாரி மண்டியைப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார். என் கணவர் கூடவே நடந்து சொல்லிக்கொண்டு வந்தார். அவர் குரல் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. குளியலறை வாசலில் நின்று வியாபாரி உள்ளே ஒரு பார்வை பார்த்தார். புதுச் சுண்ணாம்பு வாசனை அடித்தது. ஒன்றும் கேட்காமல் அடுப்படிக்கு நகர்ந்தார். என் கணவரின் தோள் தளர்வதைக் கண்டேன்.

அப்போது அந்தப் பெண் என் அருகே வந்து மெல்லக் கேட்டாள். "அக்கா, பாத்ரூம் போவணும்."

அவளை அழைத்துப் போய்க் கதவருகே நின்று, "தாப்பா போடாதம்மா. நான் இங்கயே நிக்கிறேன், யாரும் வரமாட்டாங்க" என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். பக்கத்து அறையில் ஆண்களின் பேச்சுக் குரல் கேட்டது. அறியாத வீட்டில் எந்தப் பெண் தாழ்ப்பாள் போடாமல் இருப்பாள்? உள்ளே சரக்கென்று இழுக்கிற சத்தம் கேட்டது.

சிறிது நேரம் கழித்துத் தாழ்ப்பாள் அசைகிற சத்தம். மறுபடியும். பிறகு கதவு குலுங்கியது.

"அக்கா, தொறக்க மாட்டேங்குது."

"மெதுவாம்மா. கைப்பிடியப் புடிச்சி மேல தூக்கி..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டேன். கனத்த கதவு. ஆறு மாத வயிற்றோடு அதைத் தூக்கலாமா? அதற்குள் அவள் பதறிவிட்டாள். கதவைப் படபடவென்று தட்டினாள். பின்வாங்கியிருக்க வேண்டும், தேங்கின தண்ணீரில் கால் வழுக்கியிருக்க வேண்டும். அண்டா உருண்டு மோதுகிற பெரிய சத்தம் கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை.

அவளுடைய மாமியார் ஓடிவந்தார். பெயர் சொல்லி அழைத்து, கதவில் நெற்றியை வைத்து உருதுவில் ஏதோ கேட்டார். உள்ளேயிருந்து முனகல் வந்தது. வியாபாரியும் என் கணவரும் வந்தார்கள். என் கணவர் கதவில் தோளைக் கொடுக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"உள்பக்கமா தொறக்கிற கதவுங்க. பின்னாலயே விழுந்து கெடக்கிறா. இடிச்சா வயித்துல படும்!"

அவர் பின்வாங்கினார். சாலையிலிருந்து கார் ஒலிப்பான் விடாமல் அடித்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் பின்பக்கம் ஓடினேன். மழை பிடித்துக்கொண்டிருந்தது. குளியலறையின் பின்சுவரில் உயரத்தில் ஒரு சிறிய கம்பி ஜன்னல் உண்டு. துவைக்கிற கல்லின் மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். அந்தப் பெண் கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். புடவையெல்லாம் ஈரம். தோளில் சுண்ணாம்பு. அண்டா ஓரமாகக் கவிழ்ந்து கிடந்தது.

"கண்ணு, இங்க பாரு. எங்கயாவது வலிக்குதா?"

"முட்டியில. வயித்துல படல அக்கா. கொழந்த அசையவே மாட்டேங்குது." மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"பயந்தா கொழந்தயும் பயப்படும். கொஞ்சம் பொறு, அசையும். நீ என்னப் பாத்துக்கிட்டே மூச்ச இழுத்து விடு." சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு என்ன தெரியும்? ஜன்னல் கம்பிக்குள் கையை நீட்டினேன். அவள் சுவரைப் பிடித்து எழுந்து வந்து விரல்களைப் பற்றினாள். அவள் கை ஐஸ் மாதிரி இருந்தது. என் முதுகில் கூரைத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்குகிற என் மகளோடு இரவெல்லாம் உட்கார்ந்திருந்த பழக்கத்தில், அவளோடு சேர்ந்து நானும் மூச்சை இழுத்து விட்டேன்.

அவள் கொஞ்சம் அடங்கியதும் என் கணவருக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். "கடப்பாறையக் கதவுக்கு அடியில விட்டு நெம்புங்க! இடிக்காதீங்க, தூக்குங்க!"

கடப்பாறை அடியில் நுழைகிற சத்தம் கேட்டது. "கண்ணு, நீ தூக்க வேணாம். கதவு மேல எழும்பறப்போ தாப்பாவ மட்டும் இழு. இழுத்ததும் சொவுத்துப் பக்கமா ஒதுங்கிடு." அவள் என் கையை விடத் தயங்கினாள். விட்டுவிட்டுப் போனாள்.

முதல் தடவை கதவு எழும்பவில்லை. இரண்டாவது தடவை எழும்பியது, அவள் இழுப்பதற்குள் இறங்கிவிட்டது. உள்ளே அவள் அழ ஆரம்பித்தாள். வியாபாரியும் கடப்பாறையில் கை வைத்தார் போல, இரண்டு ஆண்களின் மூச்சும் கேட்டது. கதவு மரம் முனகியபடி மேலே வந்தது. "இப்ப இழு!" என்று நான் கத்தினேன். தாழ்ப்பாள் வந்துவிட்டது.

நான் சுற்றிக்கொண்டு வருவதற்குள் மாமியார் அவளைக் கட்டிலில் படுக்க வைத்து முழங்காலைத் துடைத்துக்கொண்டிருந்தார். தோல் உரிந்திருந்தது, அவ்வளவுதான். சூடாகப் பால் கொடுத்தேன். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெகுநேரம் கழித்து மாமியாரின் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்து, "அசையுது" என்றாள். மாமியார் அழுதுவிட்டார்.

வியாபாரி குளியலறைக்குள் தனியாகப் போனார். அண்டா நகர்ந்த இடத்தில் விரிசல் நீளமாகத் தெரிந்தது. மூலையில் தண்ணீர் நின்றது. சுண்ணாம்பை விரலால் தொட்டார், கீழே ஓதம் ஏறியிருந்த பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. வெளியே வந்து என் கணவர் எதிரில் நின்றார்.

"விரிசல் இன்னாங்க, சிமெண்ட் வெச்சா போவுது. தண்ணி நிக்கிறதா, கொத்திட்டுப் போட்டா போவுது. இதுக்கா நான் வூட்ட வேணாம்னு சொல்லுவேன்? கதவு மாட்டிக்கும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. சொல்லாதது ஒண்ணு தெரிஞ்சா, இன்னும் இன்னா இன்னா இருக்குதோன்னு தோணுமா தோணாதா?"

என் கணவர் தலை குனிந்தார். "எங்க புள்ளைக்கு ஒடம்பு சரியில்ல பாய்" என்றார். அதைச் சாக்காகச் சொல்கிறோமே என்று அவருக்கே கூசியிருக்கும். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வியாபாரி உள்ளறைக் கட்டிலில் தலையணைகளில் சாய்ந்திருந்த எங்கள் மகளைப் பார்த்தார். மருமகளைக் கைத்தாங்கலாகக் காருக்கு அழைத்துப் போனார்கள். ஓடையைக் கடக்கிறார்களா என்று பார்க்க நாங்கள் சாலை வரைக்கும் போனோம். சக்கரம் முங்கத் தண்ணீரில் கார் தடுமாறிக் கரையேறிய பிறகுதான் திரும்பினோம்.

விற்பனை போனது போனதுதான் என்று இருந்துவிட்டோம். அதற்கு மேல் எனக்கு வேறொரு பயம். அவள் விழுந்ததில் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால்? சில நாட்களுக்கு வாணியம்பாடியிலிருந்து எந்த வண்டி வந்தாலும் வாசலுக்கு ஓடுவேன். என் கணவர் மழையிலேயே கதவைக் கழற்றிப் போட்டுத் தானே இழைத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை வியாபாரி தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினார். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார்.

"நான் வேணாம்னுதான் இருந்தேன். மருமவதான் கேக்குறா. மழையில நனைஞ்சிக்கிட்டு ஒங்க வூட்டம்மா கையப் புடிச்சிக்கிட்டு நின்னாங்களாமே, அந்த வூட்டையே வாங்குங்க மாமுன்னு. ஆனா அந்த பாத்ரூம் மட்டும் வேணாமாம். இடிச்சிட்டு அந்தாண்ட பக்கம் புதுசாக் கட்டிக்கிறோம்." என் கணவரை நேராகப் பார்த்தார். "இப்பவாவது சொல்லுங்க. வேற இன்னா இருக்குது?"

நான் எதுவும் சொல்லத் தேவை வரவில்லை. என் கணவர் எழுந்து அவரை அழைத்துக்கொண்டு போனார். அடுப்படியில் மேற்குக் காற்றோடு மழை வந்தால் ஒழுகும் இடத்தைக் காட்டினார். மண்டிக் கோடியில் கரையான் பிடித்த உத்தரத்தைக் காட்டினார். கிணற்றின் உள்சுவரில் ஒரு கல் பெயர்ந்திருப்பதைச் சொன்னார், அது எனக்கே தெரியாது. வியாபாரி, "போதுங்க, போதும். இன்னும் சொன்னா வாங்காம போய்டுவேன்" என்று சிரித்தார். அந்த வீட்டில் பல வாரங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது.

கார்த்திகையில் பத்திரம் முடிந்து வேலூருக்குக் குடிவந்தோம். ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் இரண்டு அறை வாடகை வீடு. மகளுக்கு ஊசியும் மருந்தும் ஒழுங்காக நடக்க ஆரம்பித்தன. அவளுடைய மூச்சு சீராக இன்னும் வருஷங்கள் ஆயின, ஆனால் அந்த நீலம் மெல்ல மறைந்தது.

என் மனம் மட்டும் அந்தப் பெண்ணையே சுற்றிக்கொண்டிருந்தது. தை மாதத்தில் ஒருநாள், மலையிலிருந்து புளி கொண்டுவரும் பழைய ஆள் ஒருவர் வேலூருக்கு வந்தபோது எங்களைத் தேடி வந்தார். தின்னக் கொடுத்த பழத்தை உரித்துக்கொண்டே ஊர்க் கதையெல்லாம் சொன்னார். கடுக்காய் மூட்டை, புது உத்தரம், ஓடையில் மாட்டிய லாரி. எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்த வூட்டு மருமவளுக்கு?"

"பொம்பளப்புள்ளம்மா. நல்லா கொழுகொழுன்னு கீது. ஆத்தாளும் நல்லாத்தான் இருக்குது."

நான் எழுந்து உள்ளே போனேன். அடுப்பில் எதுவும் இல்லை, இருந்தும் அதன் முன்னால் சற்று நேரம் நின்றுகொண்டிருந்தேன். என் கணவர் பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்றார். அவர் கண்களும் கலங்கியிருந்தன.