அப்பா வைத்துக்கொள்ளாத பொருட்கள்

எங்கள் அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அவரை நினைத்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

"அண்ணா, ஊரே படிக்கப் போற கட்டுரைண்ணா. கொஞ்சம் மரியாதையா எழுது. உன் தமாஷையெல்லாம் இதுல நுழைக்காத" என்று தங்கை எச்சரித்திருக்கிறாள். மறைந்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பது இவ்வகைக் கட்டுரையின் இலக்கணம் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே குறை என்று எதையும் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது திருமுக்கூடலில். மூன்று ஆறுகள் கூடும் ஊரில் பிறந்தும் அவருக்கு நீந்தத் தெரியாது. பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்த குடும்பம். பிடித்துக்கொள்ளச் சொந்த மண் இல்லாததால் அவர் சாலையைப் பிடித்துக்கொண்டார். லாரியில் கிளீனராகச் சேர்ந்து, ஓட்டக் கற்று, டவுன் பஸ் ஓட்டுநராகி, காஞ்சிபுரத்துக்கும் ஐயம்பேட்டைக்கும் இடையே தம் ஆயுளில் பாதியை ஓட்டி முடித்தார். கை காட்டியவருக்கு நிறுத்துவார். கை காட்டாமல் நிற்பவருக்கும் வேகத்தைக் குறைத்து, ஏறுகிற முகமா என்று பார்ப்பார். தேரோட்ட நாட்களில் வண்டியை எத்தனை தெரு சுற்றிவிட்டாலும் யாரையும் திட்டியதில்லை. ஒரு விபத்தும் இல்லாமல் ஓய்வு பெற்றார். எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். நான் படித்துப் பள்ளி நூலகராகி, பத்திரிகைகளுக்கு நகைச்சுவைத் துணுக்கு எழுதுபவனாக முடிந்ததற்கு அவர் பொறுப்பல்ல.

இனி நடந்தது. நாங்கள் கையால் செய்துகொடுத்த எந்தப் பொருளையும் அப்பா தம்மிடம் வைத்துக்கொண்டதில்லை.

முதல் பொருள் ஒரு திண்டு. அப்போது எனக்கு எட்டு வயது. ஓட்டுநர் இருக்கையில் ஸ்பிரிங் குத்துகிறது என்று அப்பா அம்மாவிடம் சொன்னதைக் கேட்டுவிட்டேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. விழுகிற கழிவு நூலையெல்லாம் இரண்டு மாதம் பொறுக்கி ஒரு பை நிறையச் சேர்த்தேன். கறை பட்டதால் ஒதுக்கிய பட்டுத் துண்டு ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்தார்கள். அதையே உறையாகத் தைத்தேன். பட்டு வழுக்கும் என்பது காஞ்சிபுரத்துப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. ஒவ்வொரு பிரேக்குக்கும் அப்பா ஸ்டியரிங்கைப் போய் முட்டியிருக்கிறார். சாயங்காலம் வெறுங்கையோடு வந்தார்.

"திண்டு எங்கப்பா?"

"கண்டக்டர் மாமாவுக்குக் குடுத்துட்டேன்பா. அவருக்கு மூலம், பாவம்."

"உனக்குத்தானே செஞ்சேன்?"

"ரொம்ப நல்லா இருந்துதுப்பா. அதான் குடுத்தேன்."

இந்தத் தர்க்கத்தை நான் இன்றுவரை எந்தப் புத்தகத்திலும் சந்தித்ததில்லை. கண்டக்டர் மாமா என்பவர் அப்பாவுடன் அதே வண்டியில் ஆண்டுக்கணக்காக விசில் ஊதியவர், ஓரிக்கைக்காரர். எங்கள் உழைப்பில் பெரும்பகுதி அவர் வீட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

தங்கை விரல் சிவக்கச் சிவக்க, தண்ணீர் பாட்டில் வைக்க ஒரு வயர் கூடை பின்னினாள். மஞ்சளும் பச்சையும். மூன்றாம் நாள் அது ஐயம்பேட்டை நிறுத்தத்துப் பூக்காரம்மாவின் இடுப்பில் இருந்தது. "இன்னாப்பா நீ, பெத்த பொண்ணு பின்னுனது!" என்று அழுதவளிடம், "அந்தம்மா கேக்கவே இல்லம்மா, நானாத்தான் குடுத்தேன்" என்று சமாதானம் சொன்னார். அதாவது, தவறு முழுவதும் தம்முடையதே என்று. பழைய காலண்டர் தாள்களின் முதுகில் கோடு போட்டு நான் தைத்த குறிப்பேடு டிப்போவில் யாருக்கோ போனது. விடியற்காலை வண்டிக்காகத் தங்கை பின்னிய மப்ளர் அங்கிருந்த வாட்ச்மேனின் கழுத்துக்குப் போனது.

பற்றற்றவர் என்று நினைத்துவிட வேண்டாம். நானும் அப்படி நினைத்து ஆறுதல் அடையப் பார்த்தேன். ஆனால் கடையில் வாங்கிய டார்ச் லைட்டை அவர் யாரையும் தொட விட்டதில்லை. அவருடைய சீப்பை எடுத்துவிட்டால் வீடு இரண்டாகும். எவர்சில்வர் டிபன் பாக்ஸை இரவல் கேட்டவரிடம் அது ஓட்டை என்று பொய் சொன்னார். நாங்கள் செய்ததற்கு மட்டும்தான் அவர் கை தாராளமாக நீண்டது. இதில் மனம் கசந்துபோகாத பிள்ளை இருந்தால் அவரை நான் பார்க்க விரும்புகிறேன்.

போன வருடம் அவருக்கு முழங்கால் மோசமானது. மருத்துவர் எழுதிக்கொடுத்த அலுமினியக் கம்பைத் தொட மறுத்தார். "அது நோயாளிங்க புடிக்கிறது." ஐம்பது வயதைத் தாண்டிய நான், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து, ஒரு சவுக்குக் கம்பை இழைத்தேன். ஓடாத சைக்கிளின் கைப்பிடியைத் தலையில் பொருத்தினேன். அடியில் டயர்த் துண்டு. கைப்பிடிக்கு அருகே சைக்கிள் மணி. அப்பா தெருவில் இறங்கி மணியடித்துக்கொண்டே நடந்தார். "நடுவுல நிக்காதீங்கப்பா, வண்டி வருதில்ல!" என்று தறியிலிருந்து எட்டிப் பார்த்தவர்களிடம் குரல் கொடுத்தார். நான்கு நாள் இந்த ஆனந்தம். ஐந்தாம் நாள், தெரிந்த ஷேர் ஆட்டோக்காரத் தம்பி ஒருவரின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார்.

"கம்பு எங்க?"

"கண்டக்டர் ரொம்பத் தள்ளாடறாம்பா."

"நீயுந்தான் தள்ளாடற!"

"எனக்குச் சுவரு இருக்குது."

எட்டு வயதிலிருந்து சேர்த்துவைத்ததெல்லாம் அன்று வெளியே வந்தது. "இனிமே உனக்கு ஒரு துரும்பக்கூட நான் செஞ்சு குடுக்க மாட்டேன். எதுனாலும் கடையில வாங்கிக்கோ!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். அப்பா, "சரிப்பா, காபி ஆறுது பாரு" என்றார்.

நான் கத்திய பன்னிரண்டாம் நாள் காலை, நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். இடையில் இருந்த நாட்களில் மாத்திரை, மழை, மின்வெட்டு எல்லாம் பேசினோம். அந்த வாக்கியத்தை மட்டும் நான் திரும்பப் பெறவில்லை. அதை எடுத்துக்கொண்டே அவர் போய்விட்டார் என்ற நினைப்போடுதான் இந்த ஒரு வருடத்தைக் கழித்தேன். வார்த்தையை விற்றுப் பிழைப்பவனுக்கு வேறென்ன தண்டனை வேண்டும்?

நினைவு நாளன்று படத்துக்குப் பக்கத்தில் எங்கள் கையால் செய்த ஒரு பொருளாவது இருக்க வேண்டும் என்று நினைத்தேன். பீரோ, பரண், டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் கவிழ்த்தேன். "இன்னாத்தத் தேடற? அவரு எதனா வெச்சிருந்தாத்தான கிடைக்கும்?" என்றார் அம்மா. டார்ச் கிடைத்தது. சீப்பு கிடைத்தது. இரண்டும் புதுக்கருக்கு அழியாமல் இருந்தன. அந்த எரிச்சலோடு ஓரிக்கைக்குப் போனேன்.

கண்டக்டர் மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கம்பு சன்னல் கம்பியில் தொங்கியது.

"மாமா, அந்தக் கம்ப ஒரே ஒரு நாளைக்குக் குடுங்க. படத்து பக்கத்துல வெச்சுட்டுத் திருப்பிக் குடுத்துடறேன்."

"தர மாட்டேன். நீ எடுத்துக்கினு போயிட்டா, நான் கக்கூஸுக்கு உன்னப் புடிச்சுக்கினா போறது?"

நியாயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கேட்டேன். "நாங்க செஞ்சது எதுவுமே அவருக்குப் புடிக்கலையா மாமா?"

"டேய், குடுக்கறதுக்கு முன்னாடி அரை நாள் உசுர வாங்குவான்டா. எம்மவன் செஞ்சது, மணிய அடிச்சுப் பாரு, கைப்புடியப் புடிச்சுப் பாருன்னு. பஸ்ஸுல ஏறுறவங்க கிட்டல்லாம் அந்தத் திண்டக் காட்டினான். எம்பொண்ணு பின்னுனதுன்னு பூக்காரம்மாவ நிக்க வெச்சு அவ யாவாரத்தயே கெடுத்தான்."

"அப்ப வெச்சுக்க வேண்டியதுதானே?"

"நானும் கேட்டேன். 'வெச்சுக்கினா, அப்பனுக்குத்தான் இருக்குதேன்னு உட்டுடுவாங்கடா. இல்லன்னாத்தான் அடுத்தது செய்வாங்க'ன்னான்."

"கடைசியா, இனிமே செய்ய மாட்டேன்னு கத்திட்டேன் மாமா."

மாமா சிரித்துச் சிரித்து இருமலில் போய் நின்றார். "அதயும் போன்ல சொன்னான். 'இந்த வாட்டி கோவம் ஜாஸ்தி. எறங்க ஒரு மாசம் ஆவும். அதுக்குள்ள அடுத்து இன்னா கேக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன்'னான்."

"இன்னா கேக்கறதா இருந்தாராம்?"

"முதுகு சொறியற கோலு. கடையில விக்கிறது பிளாஸ்டிக்காம், மொக்கையாம்."

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குக் கோபம்தான். பஸ்ஸில் ஏறிய அத்தனை பேரிடமும் சொல்லியிருக்கிறார். இதில் ஒரு வரியை வீட்டில் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? கேட்டால், "உங்களுக்குத் தெரியாதாப்பா?" என்பார். தெரியாதுப்பா. உண்மையாகவே தெரியாது.

சவுக்குக் கம்பில் மிச்சம் ஒரு முழம் இருந்தது. அதை இழைத்து, நுனியில் பழைய மரச்சீப்பு ஒன்றின் பாதியை ஒட்டிக் கட்டினேன். இரண்டு நாள் வேலை. கொஞ்சம் கோணல். நானே முதுகில் வைத்துப் பார்த்தேன், மொக்கை இல்லை. நினைவு நாளன்று அது படத்துக்கு முன்னால் இருக்கும்.

அப்பாவைத் தோள் கொடுத்து வீடு சேர்த்த ஷேர் ஆட்டோ தம்பிக்கும், கடைசி நாள்வரை வீட்டுக்கே வந்து பார்த்த மருத்துவருக்கும், அன்று தறியை நிறுத்திவிட்டு எங்களோடு நின்ற தெருவாருக்கும் நன்றி. கண்டக்டர் மாமாவுக்கும், பூக்காரம்மாவுக்கும், எங்கள் கைவேலையை இத்தனை காலம் பயன்படுத்திய மற்ற எல்லோருக்கும் நன்றி. அவற்றைத் திருப்பித் தர வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். படையல் முடிந்ததும், முதுகு அரிக்கிறவர் யாராவது அந்தக் கோலை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். அது அங்கேயே இருந்தால் அடுத்ததை நான் செய்ய மாட்டேன். எங்கே வாங்கியது என்று யாராவது கேட்டால், வாங்கவில்லை, டிரைவர் மகன் செய்தது என்று, கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.