அக்டோபரில் மக்காச்சோளம்

எர்மெலிந்தாவை எங்கள் ஊரில் 'திரும்பி வந்தவள்' என்றுதான் சொல்வார்கள். அங்கோலா எங்கள் நாட்டிடமிருந்து விடுதலை அடைந்த 1975இல், அங்கிருந்து விமானம் விமானமாக வந்து இறங்கிய எல்லோருக்கும் அதே பெயர். ஆனால் அவர் பிறந்து வளர்ந்தது அங்கோலாவின் ஹுவாம்போவில். நாற்பது வயது வரை எங்கள் ஊரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பார்க்காத ஊருக்கு எப்படித் திரும்பி வர முடியும் என்று யாரும் யோசிக்கவில்லை.

கொயிம்ப்ரா பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்து எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆனவன் நான். ஐந்நூறு வருடக் கடலோட்டமும் ஆட்சியும் முடிந்த கதையைப் பாடப்புத்தகம் ஒரே வரியில் சொல்லிவிட்டது: ஐந்து லட்சம் பேர் நாடு திரும்பினார்கள். அந்த ஐந்து லட்சத்தில் ஒருவரை எனக்குத் தெரியும்.

கணவரையும், எங்கள் ஊரிலிருந்து போன அப்பாவையும் அங்கேயே புதைத்துவிட்டு, இரண்டு பெண் பிள்ளைகள், ஒரு பெட்டி, ஒரு பை விதையோடு ஆகஸ்டில் வந்து சேர்ந்தார். அப்பாவின் தம்பி முறையான அமான்சியு, கோயிலுக்குக் கீழே தன் பொறுப்பில் இருந்த வயலைக் காட்டினார்.

"அடுத்த வருஷம் செப்டம்பர்ல வர்ற மிகேல் திருநாள் வரைக்கும் பாரு. நாலு பேர் மெச்சுற மாதிரி வெள்ளாமை எடுத்தா நிலம் உன் கையில இருக்கட்டும். இல்லேன்னா லிஸ்பன்ல போய் வீட்டு வேலை தேடிக்க."

அக்டோபரில் முதல் மழை விழுந்தது. ஹுவாம்போவில் அக்டோபர் மழை என்றால் விதைப்பு. பூமியின் எந்தப் பாதியில் நிற்கிறோம் என்பது அவர் கைகளுக்குத் தெரியவில்லை. கொண்டுவந்த மக்காச்சோளம் முழுவதையும் விதைத்துவிட்டார். வரப்போரக் கல்சுவரில் சாய்ந்து நின்ற பெண்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அவ என்னடி பண்றா?"

"மக்காச்சோளம் போடுறா."

"இந்தக் குளிரிலயா! போய்ச் சொல்லேன்."

"ராஜ்ஜியம் ஆண்டுட்டு வந்தவங்களுக்கு நாம சொல்றதா? நல்லா இருக்கே!"

இந்தக் கடைசி வாக்கியம் என் அம்மா சொன்னது. அவரே வெட்கப்பட்டுக்கொண்டு எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

பயிர் ஒரு சாண் வளர்ந்தது. நவம்பரில் உறைபனி இறங்கி, விடிவதற்குள் வயலைக் கருக்கிவிட்டது.

அந்த ஞாயிறு, பூசை முடிந்து கோயில் முற்றத்தில் ஊரே நின்றது. அவர் அழுவார், அல்லது சாபம் விடுவார் என்று எதிர்பார்த்தார்கள். எர்மெலிந்தா படிக்கட்டில் ஏறி நின்றார்.

"அந்தப் பக்கத்து வானத்துக்கு விதைச்சுட்டேன். எல்லாரும் சிரிச்சாச்சா? சிரிச்சு முடிச்சவங்க ஏப்ரல்ல ஆளுக்கு ஒரு பிடி விதை குடுங்க."

ஏப்ரலில் முதல் பிடி எங்கள் வீட்டிலிருந்து போனது. அதுவரை அவர் கூலிக்குத் திராட்சைக் கொடி கட்டினார், மற்றவர்களின் துணிகளைத் துவைத்தார். எதை எப்போது செய்வது என்று சின்னப் பிள்ளைகளிடம்கூடக் கூச்சமில்லாமல் கேட்டார். அப்படி ஒரு துணிச்சல் எனக்கு வருமா என்று இன்றும் யோசிப்பேன்.

மிகேல் திருநாளுக்கு முந்தைய ஞாயிறு மதியம், அவருடைய கதிர்க் குவியலைச் சுற்றி ஊர் உட்கார்ந்து தோல் உரித்தது. அமான்சியுவும் வந்தார். ஒவ்வொரு கதிரையும் கையில் எடைபோட்டுப் பார்த்தார்.

"கதிர் கொஞ்சம் சின்னதுதான்" என்றார். அடுத்த கதிரை எடுத்தார். எர்மெலிந்தாவின் முகம் சுண்டிப்போனது.

அப்போதுதான் எர்மெலிந்தா உரித்துக்கொண்டிருந்த கதிர் தோல் விலகிச் சிவப்பாக வெளிப்பட்டது. மஞ்சள் குவியலில் அந்த ஒரே கதிர். 'ராஜாக் கதிர்' என்று கூட்டம் கத்தியது.

"அவளுக்கு என்ன தெரியும் பாவம், யாராவது சொல்லிக் குடுங்க!"

எர்மெலிந்தா மடியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"எனக்கா தெரியாது? சிவப்புக் கதிர் கிடைச்சவங்க சுத்தி இருக்கிற எல்லாரையும் கட்டிப்பிடிக்கணும். ஒருத்தரும் மாட்டேன்னு சொல்லக் கூடாது. எங்கப்பா ஹுவாம்போல ஒவ்வொரு அறுவடைக்கும் இதைச் சொல்லிச் சொல்லி எங்க காதே புளிச்சுப் போச்சு."

கல்சுவரில் சாய்ந்து சிரித்தவர்களிலிருந்து தொடங்கி வரிசையாகக் கட்டிப்பிடித்தார். என் அம்மா அழுதுவிட்டார். கடைசியில் அமான்சியு. அவர் குனிந்து எதையோ தேடுவதுபோல் சருகைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, எந்திரிங்க. தப்பிக்க முடியாது."

எழுந்தார். அண்ணன் மகளை இறுக்கி அணைத்துக்கொண்டு, ஊர் முழுவதற்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"அடுத்த வருஷமும் ஏப்ரல்லயே விதைடி, கழுதை. அக்டோபர்ல உன்னை இந்த வயல் பக்கம் பார்த்தேன், காலை ஒடிப்பேன்."