நான் பேசாத நாற்பது அழைப்புகள்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நம்புவதற்கா எனக்குச் சம்பளம்? தர்மபுரியில் ஓர் ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறேன், எவன் நோயை மறைக்கிறான் என்று சந்தேகப்படுவதுதான் வேலையே. நீங்களும் என்னைச் சந்தேகப்படுங்கள், பரவாயில்லை.

பாலிசி கொடுக்கும் முன் விண்ணப்பித்தவரிடம் போனில் உடல்நிலை விசாரிக்க வேண்டும். இரண்டு பேர் வேலையை விட்டு ஓடிவிட்டதால் அவர்கள் ஃபைல்களும் என் தலையில். அப்போது மாதக் கடைசி வாரம் வேறு. மேனேஜர் பக்கத்தில் வந்து நின்று, "ஒவ்வொருத்தர்கிட்டயும் பேசிக்கிட்டிருந்தா எப்பங்க முடிக்கறது? டிக் போட்டு அனுப்புங்க" என்றார். எல்லோரும் செய்வதுதான். எரிச்சலில் நாற்பது பேருக்கும் 'பேசியாச்சு' என்று டிக் போட்டேன். ஒருவரிடமும் பேசவில்லை, சத்தியமாக.

மறுநாள் காலை மனசு உறுத்தியது. பாப்பிரெட்டிப்பட்டிக்காரர் ஒருவர், ஐம்பது வயது, மரவள்ளி போடுகிறவர், அவர் எண்ணுக்கு அடித்தேன். மனைவி எடுத்தார்.

"நேத்தே பேசுனீங்களே சார்! நெஞ்சு அடைக்குதுன்னு எங்க வூட்டுக்காரரு சொன்னதும், ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு நீங்கதானே சத்தம் போட்டீங்க? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஆளே இல்லன்னுட்டாரு டாக்டரு. நீங்க நல்லா இருக்கணும் சார்."

பக்கத்து சீட்டுக்காரர் மேல்தான் முதல் சந்தேகம், ஆனால் அவர் முந்தின நாள் லீவு. அலுவலகப் போனின் அழைப்புப் பதிவைத் தோண்டினேன், ஒன்றுமில்லை. பட்டியலில் இருந்த மாரண்டஹள்ளி தக்காளி வியாபாரிக்கு அடித்தால் அவரும், "நேத்து பேசுன அதே கொரலுதாங்க" என்கிறார். நாற்பது டிக்கையும் அழித்தேன். மேனேஜர் கத்தினார், மெமோ கொடுத்தார், கொடுக்கட்டும்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, நேத்து மத்தியானம் போன் பண்ணி உங்களப் பத்தி என்கிட்டயே வெசாரிச்சீங்களே, எதுக்கு? கேக்கலாம்னா நீங்க வர்றதுக்குள்ள தூங்கிட்டேன்."

"நானா? என்ன கேட்டேன்?"

"நல்லா தூங்கறாரா, வேளைக்குச் சாப்பிடறாரான்னு. அப்பறம், நெஞ்சு வலி இருக்கான்னு. இல்லன்னேன். 'மறைக்கறாரு'ன்னுட்டு வெச்சுட்டீங்க."

இரண்டு மாதமாக எனக்கு இடது பக்கம் சுருக்கென்று வருகிறது. அவளிடம்கூடச் சொன்னதில்லை.

நம்பினால் நம்புங்கள், டாக்டரைப் பார்க்க மறுநாளே லீவு கேட்டேன். மாதக் கடைசி முடியட்டும் என்கிறார் மேனேஜர், ஒவ்வொரு மாதமும். போன் அடித்தால் இப்போதெல்லாம் பயமாக இருக்கிறது. அந்தக் குரல் என்னிடம் மட்டும் இன்னும் பேசவில்லை.