கத்தரி என் கையிலேயே இருந்தது

தையல் தெரிந்தவளுக்கு எந்த ஊருக்குப் போனாலும் வேலை உண்டு, கூடவே இடுப்பு வலியும் உண்டு. வெளிநாட்டுக்குச் சேவை செய்யப் போய், பாஷையும் புரியாமல் சாப்பாடும் இறங்காமல் முழித்தவர்கள் உங்களில் இருந்தால் என் பாடு புரியும்.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். எங்க வீட்டுக்காரர் தென்காசியில் அடிபம்பு ரிப்பேர் பார்க்கிறவர். ஒரு சேவைக் குழு அவரை ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டுக் கிராமம் ஒன்றுக்கு ஒரு வருஷத்துக்குக் கூப்பிட்டது. "ஒங்க வீட்ல தைப்பாகளாமே, அவுகளும் வரட்டும், பொம்பளையளுக்குச் சொல்லிக்குடுக்கட்டும்" என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்காத நான், கைப்பிள்ளையோடு டீச்சராகப் போய் இறங்கினேன்.

முட்டி போட்டது

அந்த ஊர்ப் பெண்கள், மதிக்கிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாலும் முட்டி போட்டுத்தான் கொடுப்பார்கள். முதல் நாள் மெர்சி என்று ஒருத்தி, என் வயசுதான் இருக்கும், முட்டி போட்டு டம்ளரை நீட்டினாள். எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நானும் அவள் எதிரே முட்டி போட்டுவிட்டேன். அவள் இன்னும் குனிந்தாள். நான் அதைவிடக் குனிந்தேன். இடுப்பில் இருந்த பிள்ளை நழுவிக் கீழே உட்கார்ந்து அழ ஆரம்பித்தது. பம்பு வேலை முடிந்து வந்த எங்க வீட்டுக்காரர் இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏட்டி, நீ சேவை செய்ய வந்தியா, வேண்டுதல் செலுத்த வந்தியா?"

ஐந்தருவி

மெர்சிக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தெரியும். எனக்கு அதைவிடக் கொஞ்சம். மிச்சத்தைக் கையாலும் கண்ணாலும் பேசிக்கொண்டோம். அவள் சொன்னதையெல்லாம் நம்ம பேச்சிலேயே எழுதுகிறேன்.

உங்க ஊர் எப்படி இருக்கும் என்று தையல் வகுப்பில் கேட்டார்கள். பெருமையாக, சீசனில் எடுத்த குற்றாலம் வீடியோவைப் போனில் காட்டினேன். ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிறது, கூட்டம் தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறது. எல்லாரும் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். மெர்சி மட்டும் போனை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அவள் வீட்டிலிருந்து அடிபம்புக்கு நல்ல தூரம். கடைசியில் கேட்டாள்: "இத்தனை பேர் நிக்காங்க, ஒருத்தர் கையிலயும் குடம் இல்லையே?"

அளவுத் துணி

நம்ம ஊரில் யாரும் டேப் வைத்து உடம்பை அளக்க விடமாட்டார்கள். "அளவு ஜாக்கெட் கொண்டாங்கக்கா" என்போம், பழைய ஜாக்கெட் ஒன்று வரும், அதை விரித்துப்போட்டு வெட்டுவோம். அங்கேயும் அதே பழக்கத்தில், கவுன் தைக்கத் துணி கொண்டுவந்த மெர்சியிடம் அளவுக்கு ஒன்று கேட்டேன். மறுநாள் துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். நானும் ஆற அமர வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக்காரிகளோடு அவளைக் காணோம். அவள்தான் முன்னால் நின்று எடுத்துக்கொடுப்பாள். காய்ச்சலோ என்று பயந்து வீட்டுக்குப் போனேன். இடுப்பில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, மேலே அவள் புருஷன் சட்டையைப் போட்டுக்கொண்டு, வெளியே வராமல் உட்கார்ந்திருந்தாள். வெளியே போட்டுப்போக அவளுக்கு இருந்ததே அந்த ஒரு கவுன்தான். "கேட்டப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன். அவள் சொன்னாள்: "டீச்சர் கேட்டா எப்படி இல்லைன்னு சொல்ல?"

கத்தரி

அன்றே டேப்பைக் கையில் எடுத்துவிட்டேன். ஆனால் இன்னொரு பழக்கத்தை விடவில்லை. நான் தென்காசியில் வேலை பழகிய கடையில் கட்டிங் மாஸ்டர் ஒருத்தர்தான் கத்தரியைத் தொடுவார். பழகுகிறவர்கள் ஹூக் வைக்கணும், ஹெம்மிங் பண்ணணும், பட்டனுக்குக் காஜா எடுக்கணும். வருஷம் போனபிறகுதான் மிஷினே. வெட்டுகிறது எல்லாம் கனவு. வேலை கற்கிறது என்றால் அதுதான் முறை என்று நினைத்திருந்தேன்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் யூனிபார்ம் ஆர்டர் கிடைத்தது. மெர்சி முகமே மலர்ந்துவிட்டது. அதுவரை அவள் புகையிலைத் தோட்டத்தில் கூலி. பச்சை இலையைத் தொட்டுத் தொட்டு அவளுக்குத் தலைசுற்றும், வாந்தி வரும். "இனி தோட்டம் இல்லை" என்று எல்லாரிடமும் சொன்னாள். நல்ல கை. காலர் வைத்தால் என்னைவிடச் சுத்தமாக இருக்கும். ஒருநாள் அவளாகவே கத்தரியை எடுத்துத் துணியில் வைத்தாள். ஆர்டர் துணி, கெட்டுவிட்டால் வேறு கிடையாது. "பிறகு, பிறகு" என்று மெல்ல வாங்கிவிட்டேன். சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டாள். இதைச் சொன்னபோது எங்க வீட்டுக்காரர் சொன்னார்: "பம்ப நானே கழட்டி நானே மாட்டிட்டு வந்தா நாளைக்கு எவன்ட்டி பாப்பான்? அவ கையில குடு."

குடுக்கலாம், குடுக்கலாம் என்றே வருஷம் முடிந்துவிட்டது.

கட்டுகள்

கிளம்புகிற வாரம்தான் எனக்கு உறைத்தது. மிஷின் மிதிக்க அத்தனை பேருக்கும் தெரியும், வெட்ட ஒருத்திக்கும் தெரியாது. இருந்த துணி முழுவதையும் உட்கார்ந்து வெட்டினேன். கை, முன்பக்கம், பின்பக்கம் என்று சேர்த்துச் சின்னது பெரியதாகக் கட்டுக் கட்டாகக் கட்டி வைத்தேன். மெர்சியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினேன். பதற்றத்தில் என் கைதான் ஓடியது, அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தரியையும் அவளிடமே கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, கட்டுகளைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இது தீர்ந்த பிறகு?"

போன்

இப்போது தென்காசியில் வீட்டிலேயே தைக்கிறேன். போன வாரம் மெர்சி வீடியோ காலில் வந்தாள். பின்னால் ஆள் உயரத்துக்குப் புகையிலை. கட்டுகள் தீர்ந்ததும் அவளே இரண்டு சட்டை வெட்டினாளாம், அக்குள் பிடித்துவிட்டதாம். பள்ளிக்கூடம் ஆர்டரை டவுன் கடைக்குக் கொடுத்துவிட்டது. "போன்லயே சொல்லித் தாரேன், இப்பவே பேப்பர எடு" என்றேன், அழுகையை அடக்கிக்கொண்டு. மேஸ்திரி கூப்பிடுகிறான் என்றாள். வைப்பதற்கு முன், என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னைத் தேற்றுகிற மாதிரி சொன்னாள்: "நீ வெட்டினதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, பிள்ளைக இன்னும் போட்டுக்கிட்டுத்தான் திரியுது."

ஆப்பிரிக்கா போய் ஒரு ஊருக்கே தையல் சொல்லிக்கொடுத்துட்டு வந்தவள் என்று இங்கன என்னைக் காட்டிச் சொல்லுதாக. நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் எனக்கு எடுபிடியாக இருக்கத்தான்.