யாரும் முழங்காலிடாத செபம்

மார்கிட் அம்மாவின் வீட்டுக்குள் நுழைந்தால் அவருடைய கண் முதலில் என் முகத்துக்கு வராது, கோட்டின் பொத்தான்களுக்குத்தான் போகும். ஒன்று தளர்ந்திருந்தாலும் விடமாட்டார். கழற்று என்பார். ஊசியில் நூலை மட்டும் என்னைக் கோர்க்கச் சொல்லிவிட்டு, கை நடுங்க நடுங்கத் தானே தைத்துத் தருவார். ஸ்பதைனா வீதியில் கோட் தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவர். அந்தப் பழக்கம்தான் என்று நினைத்திருந்தேன்.

இரண்டு பேரும் புலம்பெயர்ந்து வந்த இந்த நகரத்தில், நான் இருக்கும் மில்லிக்கனில் இருந்து ஸ்ரீல்ஸ் வீதி பஸ் பிடித்து, பதேர்ஸ்ற் வீதியில் அவர் இருந்த அபார்ட்மென்ட்டுக்குக் கிழமையில் நாலு நாள் போய்வந்தேன். குளிக்க வார்ப்பது, மருந்து கொடுப்பது, சூப் வைப்பது என் வேலை. ஐந்து வருடம் அப்படிப் போனது. வேரோனிக்கா என்ற என் பெயரை அவர் வேரா ஆக்கிவிட்டார். ஹங்கேரியில் பிறந்த அவருடைய இங்கிலிசும் மன்னாரில் பிறந்த என்னுடைய இங்கிலிசும் இரண்டும் நொண்டி. அதனாலேயே ஒத்துப்போனது. அவர் சொன்னதை இங்கே எழுதும்போது எங்கள் ஊர் ஆள் கதைப்பது போலத்தான் வருகிறது. என் காதில் அப்படித்தான் இருக்கிறது.

அவர் வீட்டுக்குப் போகும்வரை நான் ஒரு யூதரையும் நேரில் கண்டதில்லை. எங்கள் ஊரில் தவக்காலத்தில் யேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ் நாடகம் போடுவார்கள். யூதராக நடிப்பவர்களுக்குப் பஞ்சில் மூக்குச் செய்து ஒட்டிவிடுவார்கள். அவர்கள் மேடைக்கு வந்தால் சின்னப் பிள்ளைகள் நாங்கள் மண் அள்ளி எறிவோம். யூதர் என்றால் யேசுவைக் கொன்றவர்கள், எனக்கு அவ்வளவுதான் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த கிழமை, இங்குள்ள எங்கள் கத்தோலிக்கக் கோயில் சங்கத்தில் இருக்கும் செரீனா கேட்டார்.

"யேசுவைக் கொண்ட ஆக்களின்ர வீட்டிலயோ வேலை? பாத்து, உன்னையும் பிடிச்சுச் சிலுவையில அறைஞ்சுபோடுவினம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மார்கிட் அம்மாவின் கணவர் எப்போதோ இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. வருடத்தில் ஒரு நாள், ஏப்ரல் பத்தாம் திகதி, கண்ணாடிக் கிளாசுக்குள் இருக்கும் ஒரு மெழுகுதிரியைத் தன் தாய்க்காகக் கொளுத்துவார். இறந்தவர்களுடைய நாளில் அப்படிக் கொளுத்துவது அவர்களுடைய வழக்கம். அது ஒரு முழு நாள் எரியும். தாய் இறந்த நாள் அவருக்குத் தெரியாது. கடைசியாகக் கண்ட நாளைத்தான் வைத்துக்கொண்டிருந்தார். சாவதைப் பற்றி அவர் பயப்படவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்.

"நான் போனா ராகேல் எண்ட என்ர அம்மாவின்ர பேரைச் சொல்ல உலகத்தில ஒருத்தரும் இல்லை, வேரா."

அது என்னை நித்திரை கொள்ள விடவில்லை. என் தம்பி எட்வேட் எங்கள் நாட்டு யுத்தத்தின் கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். அவனுக்கும் நாள் இல்லை. அதனால் எனக்கு அது விளங்கியது. கார்த்திகை மாதம் எங்கள் கோயிலில் இறந்த ஆத்துமாக்களின் பெயர்களைப் புத்தகத்தில் எழுதுவார்கள். வருடா வருடம் அந்தப் பெயர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பார்கள். நான் போய் ராகேல் என்று எழுதிவிட்டு வந்தேன். ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று பஸ்ஸில் வரும்போதே மனம் நிறைந்திருந்தது.

இனி நீங்கள் பயப்பட வேண்டாம், உங்கள் அம்மாவின் பெயரை எங்கள் கோயிலில் என்றைக்கும் சொல்வார்கள் என்று சொன்னேன். அவர் கையில் இருந்த கரண்டியைச் சூப்புக்குள் வைத்தார். 

"இண்டைக்கு எனக்குக் குளிக்கத் தேவையில்லை. நீ போ."

அடுத்த நாளும் போகச் சொன்னார். மூன்றாம் நாள் கதவைத் திறந்து, கதிரையைக் காட்டி, இரு என்றார். அன்றைக்குத்தான் எல்லாம் சொன்னார்.

அவர்கள் ஊரில் எல்லாம் பகிடியில்தான் தொடங்கியதாம். பாண் கடையில் யூதர்களின் மூக்கைப் பற்றி ஒரு பகிடி, பள்ளிக்கூடத்தில் ஒரு பட்டப்பெயர். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். பக்கத்து நாடான ஜெர்மனியில் ஹிட்லர் என்ற சர்வாதிகாரி, எல்லாக் கஷ்டத்துக்கும் யூதர்தான் காரணம் என்று கத்திக்கொண்டிருந்தான். எதிர்த்துப் பேசியவர்களைச் சிறையில் போட்டான். ஹங்கேரியின் ஆட்சியும் அவனோடு சேர்ந்துகொண்டது. பகிடி சட்டமாகிவிட்டது. வங்கியில் இத்தனை யூதருக்கு மேல் இருக்கக்கூடாது என்றார்கள். தகப்பனுக்கு வேலை போனது. பிறகு அவரைக் கட்டாய வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். பனிக்குள் செத்துப்போனார் என்று ஒரு கடிதம் வந்தது. அயலவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. நேற்றுவரை சீனி கடன் வாங்கியவர்கள், வீதியில் கண்டால் மற்றப் பக்கம் பார்த்தார்கள்.

நாற்பத்து நாலாம் ஆண்டு பங்குனியில் ஜெர்மன் படை நாட்டுக்குள் வந்தது. மார்கிட் அம்மாவுக்கு ஏழு வயது. தாய் அவரை நகரத்துக்குக் கொண்டுபோய் ஒரு கன்னியர் மடத்தில் ஒளித்துவைத்தார். சிஸ்டர்மார் வேறு பெயர் வைத்து, செபங்கள் சொல்லிக்கொடுத்து, உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றினார்கள். இரண்டு கிழமையில் பெரிய வெள்ளி வந்தது. அன்றைய வழிபாட்டில் பாப்பரசருக்கு, குருமாருக்கு என்று ஒவ்வொருவருக்காகவும் ஒரு செபம். ஒவ்வொரு செபத்துக்கும் கோயில் முழுவதும் முழங்காலிட்டு எழும்பியது. பிள்ளையும் மற்றவர்களைப் பார்த்து அப்படியே செய்தது. ஒரு செபத்துக்கு மட்டும் மற்றவர்கள் எல்லோரும் நிற்க, முழங்காலிட்டது அந்தப் பிள்ளை ஒன்றுதான். பக்கத்தில் நின்ற பெரிய பிள்ளை கையைப் பிடித்து இழுத்து எழுப்பியது.

"எழும்படி. இது யூதருக்கு. அவங்களுக்கு ஒருத்தரும் முழங்காலிடுறேல்லை. அவங்கள்தான் யேசுவைக் கொண்டவங்கள்."

உயிர்ப்புத் திருநாளுக்கு அடுத்த நாள், ஏப்ரல் பத்தாம் திகதி, தாய் வந்தார். யூதர் அணிய வேண்டிய மஞ்சள் நட்சத்திரத்தைக் கழற்றி ஒளித்துக்கொண்டு, பிடித்தால் சுடுவார்கள் என்று தெரிந்தும், ரயிலேறிப் பிள்ளையைப் பார்க்க வந்திருந்தார். கையை நீட்டினார். பிள்ளை சிஸ்டரின் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

 அடுத்ததை மார்கிட் அம்மா யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கிட்ட வராதேங்கோ, நீங்கள்தான் யேசுவைக் கொண்டனீங்கள் எண்டு சொன்னன். என்ர அம்மாவுக்கு, வேரா. நான் சொன்னன்."

தாய் அழவில்லையாம். பிள்ளையின் கோட்டில் ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. தன் உடுப்பில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, நிலத்தில் குந்தியிருந்து, அதைத் தைத்தார். பிள்ளை முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டே நின்றது. தைத்து முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு எழும்பிப் போனார். ஊரில் மூன்று வயதுத் தம்பி இருந்தான். ஆனி மாதம் ஊரில் இருந்த யூதர் எல்லோரையும் மாட்டு ரயிலில் அடைத்து அவுஷ்விற்ஸ் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். ஏற்றியது ஜெர்மன்காரர் இல்லையாம், தங்கள் ஊர்ப் பொலிஸ்தானாம். இரண்டு மாதத்துக்குள் அந்த நாட்டில் மட்டும் நாலு லட்சத்துக்கு மேல். எல்லா நாட்டிலுமாகக் கொன்றது அறுபது லட்சம் யூதரை. சின்னப் பிள்ளைகளோடு போன தாய்மாரை இறங்கிய உடனேயே விஷவாயு அறைக்கு அனுப்பிவிடுவார்கள். தாயும் தம்பியும் திரும்பவில்லை.

"உங்கட கோயில் என்ரை உயிரைத் தந்தது. அம்மாவை அதுதான் என்னட்டை இருந்து எடுத்தது. இரண்டும் உண்மை. அவவின்ர பேரை அங்கை வைக்காதை."

அறியாமல் செய்துவிட்டேன் என்று அவருடைய காலைப் பிடித்து அழுதேன். அந்தச் செபத்தைத் திருச்சபை எப்போதோ மாற்றிவிட்டது என்று பிறகு பாதர் எனக்குச் சொன்னார். மாற்றியது நல்லதுதான். ராகேலுக்கு அது பிந்திப்போய்விட்டது.

அன்று பின்னேரமே கோயிலுக்குப் போனேன். புத்தகம் செரீனாவிடம் இருந்தது. எழுதியதை வெட்டுவதா, எங்கள் பூசையால் அந்த ஆத்துமாவுக்கு என்ன நட்டம், மோட்சம் போகட்டுமே என்றார்.

"அவ யூதர் எண்டதுக்காகத்தான் அவவைக் கொண்டவங்கள், செரீனா. செத்தாப் பிறகு அதையும் நாங்கள் பறிக்கிறதோ?"

மிச்சத்தையும் சொன்னேன். அந்தப் பிள்ளை சொன்ன வார்த்தையையும் சொன்னேன். செரீனா புத்தகத்தைத் திறந்தார். அடிமட்டம் வைத்து அந்தப் பெயரின் மேல் மெதுவாக ஒரு கோடு இழுத்தார். பிறகு, பெரிய வெள்ளிக்குத் தான் படிக்கிற, யேசுவின் பாடுகளைப் புலம்பிப் பாடும் பசாமிலும் அந்த வார்த்தைதானே இருக்கிறது என்று தனக்குத்தானே சொன்னார்.

மாசி மாதத்தில் மார்கிட் அம்மாவுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள், மெழுகுதிரியை நீ கொளுத்துவாயா என்று அவரே கேட்டார்.

"சிலுவை போடாதை. செபமும் வேண்டாம். பேரைச் சொல்லு. காணும்."

பங்குனியில் போய்விட்டார். எண்பத்தெட்டு வயது. கடைசி நாட்களில் விரல்கள் போர்வையின் விளிம்பைத் தைப்பது போல் அசைந்துகொண்டே இருந்தன.

பதேர்ஸ்ற் வீதிக் கடையில் இரண்டு கிளாஸ் மெழுகுதிரி வாங்கி வந்தேன். ஒன்றை மார்கிட் அம்மாவின் நாளுக்கென்று அலுமாரிக்குள் வைத்தேன். ஏப்ரல் பத்தாம் திகதி மற்றதை மாதாவின் சுரூபத்துக்குக் கீழே வைக்கவில்லை. குசினி மேசையைத் துடைத்து அதில் வைத்துக் கொளுத்தினேன். கை பழக்கத்தில் நெற்றிக்குப் போனது. இறக்கிக்கொண்டேன்.

ராகேல் என்றேன். உங்கள் மகள் ஆயுள் முழுவதும் பொத்தான் தைத்தார் என்று சொல்ல நினைத்தேன். பெயர் மட்டும் காணும் என்று அவர் சொன்னதால் விட்டுவிட்டேன்.

முழங்கால் தன்பாட்டில் மடங்கியது. அதை நான் தடுக்கவில்லை.