ஆராயியின் துடைப்பம்

ஆராயி அக்காவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை மரக்காணம் உப்பளம் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. இடி இடித்தால் உப்புக் குவியலுக்குப் பின்னால் குந்திக்கொள்வாள். பல்லி கத்தினால் அவளுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: பாத்திகளுக்கு உப்புத்தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜினை ஓட்டுவது. புருஷன் செத்த பிறகு அது அவள் தலையில் விழுந்தது.

அந்த இன்ஜினில்தான் காலேஜ் வாத்தியார் கௌதமன் ஹைட்ரஜனை மாட்டினார். கொட்டாய்க்கு வெளியே சிலிண்டர், உள்ளே இன்ஜின், நடுவில் ஒரு குழாய். கொஞ்சம் டீசல் பற்றவைக்கும், ஹைட்ரஜன் கூடச் சேர்ந்து எரியும், புகை குறையும் என்றார்.

"லீக்கானா நாத்தம் வருங்களா?" என்று கேட்டாள் ஆராயி.

"வராதும்மா."

"நெருப்பு புடிச்சா?"

"பகல்ல கண்ணுக்கே தெரியாது. கிட்டப் போறப்ப தொடப்பத்த முன்னாடி நீட்டுங்க. நெருப்பு இருந்தா நுனி பத்திக்கும்."

லீக்கானால் கத்துவதற்கு ஒரு கருவியும் வைத்தார். உப்புக்காற்று அதைச் சீக்கிரமே தின்றுவிட்டது. ஆராயி மட்டும் துடைப்பத்தை விடவில்லை. குருடி தடி ஊன்றுவதுபோல் அதை நீட்டிக்கொண்டுதான் கொட்டாய்க்குள் நுழைவாள். உப்பு வாரும் நாங்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தோம்.

உப்பளத்தில் நிழல் என்றால் அந்தக் கொட்டாய் ஒன்றுதான். என் மகளின் தூளி அங்கேதான் தொங்கியது. கூடாது என்றார் வாத்தியார். நல்லா வந்தார் சொல்ல! பச்சைப் பிள்ளையை வெயிலிலா போடுவேன்?

வெள்ளிக்கிழமைகளில் இன்ஜினுக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை எல்லாம் உண்டு. அன்றைக்கும் அப்பாவு மேஸ்திரி மாலை போட்டார். ஆராயி இன்ஜினைக் கிளப்பியதும் கற்பூரத்தோடு வந்தார். ஆராயி துடைப்பத்தோடு நின்றாள்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா, லச்சுமிக்கு முன்னாடி தொடப்பமா? வெளங்குமா?" என்று பிடுங்கி வரப்புக்கு அப்பால் எறிந்தார். கற்பூரத்தைக் காட்டிவிட்டுப் போனார்.

சற்று நேரத்தில் குழந்தை அழுதது. பால் கொடுக்க நான் ஓடினேன். வாசலில் கால் வைத்ததும் பின்னாலிருந்து என் கொண்டையைப் பிடித்து இழுத்தாள் ஆராயி.

"போவாதடி சங்கீதா! மாலைய பாரு!"

சாமந்தி மாலை தானாகக் கருகிச் சுருண்டுகொண்டிருந்தது. நெருப்பு எங்குமே இல்லை. இன்ஜின் அது பாட்டுக்கு ஓடியது. எனக்கும் தூளிக்கும் நடுவில் வெறும் காற்றுதான் இருந்தது.

ஆராயி ஓடிப்போய் துடைப்பத்தைப் பொறுக்கி வந்து நீட்டினாள். அந்த வெறும் காற்றில் ஈர்க்குகள் படபடவென்று பற்றின. ஐயோ! நான் அங்கேயே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டேன்.

ஆராயி துடைப்பத்தைத் தரையில் அடித்து அணைத்துவிட்டு, வெளியே போய் சிலிண்டரை இறுக மூடினாள். நெருப்பு செத்துவிட்டதா? எந்தக் கண்ணால் பார்ப்பது? கருகிய துடைப்பத்தை மறுபடி நீட்டினாள். பற்றவில்லை. ஒரு அடி வைத்தாள். மேலே நீட்டினாள், கீழே நீட்டினாள். "யம்மா, யம்மா" என்று அழுதுகொண்டே இன்னொரு அடி வைத்தாள். உள்ளே குழந்தை வீறிட்டது. பிறகு சட்டென்று அதன் சத்தம் நின்றுபோனது. அப்போது நான் செத்தே போனேன்.

அவள் குழந்தையோடு வெளியே வந்தாள். அது விரல் சூப்பிக்கொண்டு என்னைப் பார்த்தது. ஆராயியின் பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன. சேலை நனைந்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

குழாயின் இணைப்பை உப்புக்காற்று அரித்திருந்ததாம், கசிந்த வாயுவைக் கற்பூரம் பற்றவைத்ததாம். வாத்தியார் வந்து புதுக் குழாய் போட்டார். தூளி என் வீட்டுக்குப் போய்விட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பாவு மேஸ்திரி மாலையோடு வந்தார். கற்பூரம் கொண்டுவரவில்லை. வாசல்வரை வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். உள்ளே வெயில் விழுந்த வெறுந்தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆராயி," என்றார் மெதுவாக, "அந்தத் தொடப்பம் எங்கம்மா?"